சூரிய வெப்ப வயல்: திருப்பணி நிறைவு அறிக்கை

டென்மார்க்கின் யூலாந்தில், வீடுகளுக்குக் குழாய்வழி வெப்பம் அனுப்பும் நம் வெப்பக் கூட்டுறவின் உறுப்பினர்களுக்கு, தமிழிலும் கணக்குக் கேட்டவர்களுக்காக நிர்வாகக் குழு எழுதுவது.

வெயிலின் வெப்பத்தைப் பிடிக்கும் தட்டுகள் வரிசை வரிசையாக நிற்கும் இந்த வயலில் கம்பங்கள், வேலி, நிலத்தடிக் குழாய், நீர்த்தாங்கி ஆகிய வேலைகள் ஒப்பந்தப்படி முடிந்தன.

ஒப்பந்தக்காரரின் கடைசித் தவணையைக் குழு வீணாக இழுத்தடித்தது என்று பொதுக்கூட்டத்தில் பேசப்பட்டது. அது வீண் இழுத்தடிப்பு அல்ல. முதல் கோடையில் உத்தரவாதப்படி வெப்பம் வரவில்லை. வெயில் போதவில்லை என்றார் ஒப்பந்தக்காரர். அந்தச் சாட்டுக்கு இடம் வைக்காத சோதனை, இத்தகைய வயல்களைச் சோதிப்பதற்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 24194-இல் இருக்கிறது. சதுர மீட்டருக்கு 800 வாட்டுக்குக் குறையாத வெயில், நொடிக்கு 10 மீட்டருக்குள் காற்று, தட்டுகளில் நிழல் இல்லை: இப்படிப்பட்ட மணித்தியாலங்களை மட்டும் எடுத்து, வந்திருக்க வேண்டிய வெப்பத்தையும் வந்த வெப்பத்தையும் ஒப்பிட வேண்டும். குறைந்தது 20 மணித்தியாலம் தேவை. அவ்வளவு நல்ல வெயில் சேரும்வரை காத்திருந்தோம்.

குறை வெயிலில் இல்லை. ஒரே நண்பகலில் பம்புக்கு அருகிலுள்ள வரிசை 71 பாகையில் வெளிவிட, கடைக்கோடி வரிசை 94 காட்டியது. அருகில் ஓட்டம் கூடி வெதுவெதுப்பாகவே வந்தது. தூரத்தில் ஓட்டம் குறைந்து, கொதித்த தட்டுகள் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்தன. எல்லா வரிசைக்கும் ஓட்டத்தைச் சமன்படுத்தும் வால்வுகளை யாரும் திருப்பிப் பார்த்திருக்கவில்லை. மேல் மூலைகளில் காற்றும் அடைத்திருந்தது.

அடுத்தது, வந்த வெப்பத்தின் அளவைக் கணக்கிடும் மானி. தட்டுகளில் உறையாமல் இருக்க விடும் கிளைக்கோல் கலவை ஓடும் பக்கத்தில் அதைப் பூட்டி, தண்ணீருக்கான கணக்கில் விட்டிருந்தார்கள். ஒரு லீட்டர் கலவை தண்ணீரளவுக்கு வெப்பம் சுமக்காது. ஆகவே அது காட்டிய குறையிலும் உண்மைக் குறை பெரிது. கலவையின் வெப்பத்தைத் தண்ணீருக்கு மாற்றும் வெப்பப் பரிமாற்றிக்கு அப்பால், தண்ணீர்ப் பக்கத்தில் புது மானி வைத்தோம். மதிப்பீட்டில் இல்லாத அந்தச் செலவுக்குக் குழுவே பொறுப்பு. இன்னொரு முறை வந்தாலும் இதையே செய்வோம்.

ஒப்பந்தக்காரர் சொன்ன ஒன்று மட்டும் சரி: நம் வீடுகளிலிருந்து திரும்பும் நீர் ஒப்பந்த அளவைவிடச் சூடாக இருந்தது. தட்டின் சராசரி வெப்பநிலை 10 பாகை ஏறினால் ஒவ்வொரு சதுர மீட்டரும் 25 முதல் 30 வாட் வரை இழக்கும். அந்தப் பங்கை அவர் தலையில் கட்டவில்லை. சோதனைக் கணக்கில் உண்மையான வெப்பநிலையையே போட்டோம்.

மாரியில் ஏன் இன்னும் மரத்துண்டு எரிக்கிறோம் என்ற கேள்விக்கு: நம் தாங்கி சில நாள் வெப்பத்தையே வைத்திருக்கும். 2016-இல் 156,694 சதுர மீட்டர் தட்டுகள் போட்ட சில்கபோர்க் நகரமே ஊர்த் தேவையில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் திட்டமிட்டது. ட்ரொனிங்லுண்ட் ஊரில் நிலத்தைத் தோண்டி அமைத்த 60,000 கன மீட்டர் குழித்தாங்கி இருப்பதால் கோடை வெப்பம் குளிர்காலத்துக்கும் போகிறது.

நிலம் விட்டுத்தந்த விவசாயக் குடும்பம், குழாய் போக வேலியைத் திறந்த மூன்று வீட்டார், வட்டியில்லாமல் முன்பணம் தந்த முதிய தம்பதி, புல் மேயச் செம்மறிகளை அனுப்பியவர், இரண்டு கோடை வரிசை வரிசையாக அளவெடுத்த பாடசாலைப் பிள்ளைகள், இரவில் பம்பு நின்றபோது ஓடிவந்த ஓய்வுபெற்ற குழாய் வேலையாள், கூட்டத்துக்கெல்லாம் சாப்பாடு தந்த தமிழ்க் குடும்பங்கள்: எல்லோருக்கும் நன்றி.

வால்வுகளைச் சரிசெய்து, காற்றை வெளியேற்றி, மறுசோதனையில் தேறிய பிறகே கடைசித் தவணை கொடுக்கப்பட்டது. மணிவாரி அளவுகள் அலுவலகத்தில் இருக்கின்றன. யாரும் வந்து பார்க்கலாம்.