முதல் பக்கத்துப் படத்தைத் திருப்பிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் கிறிஸ்துமஸ் இணைப்பிதழில் தாமஸ் நாஸ்ட் பற்றி நான்கு வரிக் குறிப்பு வந்திருந்தது. வெள்ளைத் தாடியும் பருத்த உடலுமாக இன்று நாம் காணும் சாண்டா கிளாசுக்கு உருவம் கொடுத்த ஓவியர் என்று எழுதி, அத்தோடு நிறுத்திவிட்டீர்கள். அதே வாரத்தில், முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்த அரசியல் கேலிச்சித்திரத்தை ஆறாம் பக்கத்து மூலைக்குத் தள்ளித் தபால்தலை அளவுக்குச் சுருக்கியும் விட்டீர்கள். இந்த இரண்டும் சேர்ந்துதான் என்னை எழுத வைத்தன.

நான் பவானிக்காரன். கோவை டவுன்ஹால் பக்கத்துச் சந்து ஒன்றில், பிளாக் செய்யும் கடையில் 1971இல் வேலைக்குச் சேர்ந்தேன். ஆஃப்செட் அச்சுமுறை வந்து அந்தத் தொழில் படுத்துவிடும்வரை அங்கேதான் இருந்தேன். ஓவியர் வரைந்ததைப் படம் பிடித்து, துத்தநாகத் தகட்டில் பதித்து, ஆசிட்டில் அரிக்கவிட்டு, மரக்கட்டையில் ஆணி அடித்து ஈய எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவருவது எங்கள் வேலை. ஆசிட்டில் சற்றே கூடுதலாகக் கிடந்தால் மெல்லிய கோடுகள் கரைந்துவிடும். எங்கள் முதலாளி ஒருநாள் பழைய அச்சுக்கலைப் புத்தகம் ஒன்றைப் பிரித்து நாஸ்ட்டின் படத்தைக் காட்டினார். "நமக்காவது ஆசிட் இருக்கிறது. இவர்களுக்குக் கையும் உளியும்தான்" என்றார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

நாஸ்ட் 1840இல் ஜெர்மனியின் லாண்டாவ் நகரில் பிறந்து, ஆறு வயதில் நியூயார்க் வந்தவர். பள்ளிப் படிப்பு ஏறவில்லை. பதினைந்து வயதுக்கெல்லாம் பத்திரிகைக்கு வரையப் போய்விட்டார். பிறகு 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' வார இதழில் கால் நூற்றாண்டு. அந்த நாளில் மரக்கட்டையின் மேலேயே பென்சிலால் இடவலம் மாற்றி வரைய வேண்டும். செதுக்குபவர் கோட்டை நிறுத்தி வெள்ளையைத் தோண்டி எடுப்பார். பெரிய படமென்றால் பல சிறு கட்டைகளைத் திருகாணியால் பிணைத்து ஒரே பரப்பாக்குவார்கள். வரைந்து முடிந்ததும் பிரித்து ஆளுக்கொன்றாகச் செதுக்கி, மறுபடி பூட்டுவார்கள். பூட்டு மயிரிழை விலகினாலும் அச்சில் வெள்ளைக்கோடு விழும். பழைய பிரதிகளில் அந்தக் கோட்டை நான் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன். அதைச் செதுக்கியவனின் கை நடுங்கிய இடம் அது என்று எனக்குத் தோன்றும்.

இந்தக் கட்டைகளை வைத்துத்தான் அவர் வில்லியம் ட்வீட்டை எதிர்த்தார். நியூயார்க் நகரையே கைக்குள் வைத்திருந்த கட்சித் தலைவர் ட்வீட். முதலில் 2.5 லட்சம் டாலர் ஒதுக்கிய நீதிமன்றக் கட்டடம் 1 கோடி டாலருக்கும் மேல் விழுங்கியது. 1871 ஜூலையில் 'நியூயார்க் டைம்ஸ்' கணக்கு வழக்குகளை வெளியிட்டது. ஆகஸ்ட் 19 தேதியிட்ட இதழில் நாஸ்ட் ஒரு படம் போட்டார். "மக்கள் பணத்தைத் திருடியது யார்?" என்ற கேள்விக்கு, வட்டமாக நிற்கும் ஆட்கள் ஒவ்வொருவரும் அடுத்தவனைக் கை காட்டுகிறார்கள். முன்னால் தொந்தியோடு ட்வீட். என் தொகுதி மக்களுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் இந்தப் படங்களைப் பார்க்காமல் அவர்களால் இருக்க முடியாதே என்று ட்வீட் புலம்பியதாகச் சொல்வார்கள்.

எழுத்தறியாத மனிதரின் முன்னால் ஒரு படம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். என் தந்தையார் ஜமக்காளம் நெய்தவர். கையெழுத்துக்குப் பதில் ரேகைதான். காலையில் தறிக்குழியில் இறங்குமுன் டீக்கடைக்குப் போய்ச் செய்தித்தாளை வாங்கி, முதல் பக்கத்துப் படத்தை மட்டும் பார்ப்பார். மூக்கையும் துண்டையும் வைத்தே யார் எவர் என்று சொல்லிவிடுவார். "கண்ணு, கீழே என்ன எழுதியிருக்கிறது?" என்று என்னைக் கேட்பது, தாம் ஊகித்தது சரிதானா என்று பார்க்க மட்டுமே. நூல் விலை ஏற்றத்தைப் பற்றிய ஒரு படத்தைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிவந்து, சோற்றுப் பருக்கை வைத்துத் தறிக்கு மேலே சுவரில் ஒட்டினார். பல ஆண்டுகள் அது அங்கே பழுத்துக் கிடந்தது.

நாஸ்ட்டுக்கு விலையும் பேசினார்கள். ஐரோப்பா போய் ஓவியம் படியுங்கள் என்று 1 லட்சம் டாலரில் தொடங்கிய பேரம் 5 லட்சம் வரை ஏறியதாக அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அவர் மசியவில்லை. மிரட்டல் வந்ததும் குடும்பத்தோடு நியூஜெர்சிக்குக் குடிபெயர்ந்தார். ட்வீட் சிறை சென்றார். 1875இல் தப்பி ஓடினார். மறு ஆண்டு ஸ்பெயினில் அவரை அடையாளம் காட்டியது நாஸ்ட்டின் படம் என்பார்கள்.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. ஐரிஷ் மக்களைக் குரங்கு முகத்தோடு வரைந்தார், கத்தோலிக்கர்களை இழிவுபடுத்தினார். அந்தப் படங்களை என்னால் ஏற்க முடியாது. கடைசிக் காலத்தில் முதலீட்டில் ஏமாந்து பணத்தை இழந்தார். ஈக்வடாரில் துணைத்தூதர் வேலைக்குப் போன சில மாதங்களிலேயே, 1902 டிசம்பரில், மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார்.

வெகு தூரம் போக வேண்டியதில்லை. பாரதியாரின் 'இந்தியா' வார இதழ் நூறாண்டுக்கு முன்பே கேலிச்சித்திரத்தை முதல் பக்கத்தில் போட்டது. 1921இல் கருங்கல்பாளையத்தில் அவர் பேசியதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் எங்கள் ஈரோட்டுப் பக்கத்தவர்கள் இதையும் மறக்கக் கூடாது.

இன்றைக்கு எல்லோரும் படித்தவர்கள்தானே என்பீர்கள். எங்கள் தெரு டீக்கடையில் தங்கள் நாளிதழைக் கையில் எடுக்கும் முதியவர்கள் சிலர் இன்னமும் முதல் பக்கத்தைப் புரட்டிப் புரட்டி அந்தப் படத்தைத் தேடுகிறார்கள். ஆறாம் பக்கத்தில் இருக்கிறது என்று நான் எடுத்துக்காட்டினால் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்கிறார்கள்.

படத்துக்கு முதல் பக்கத்தில் இரண்டு பத்தி அகலம் கொடுங்கள். ஓவியரின் கையெழுத்தை வெட்டாதீர்கள். போன மாதம் இரண்டு முறை வெட்டுப்பட்டிருந்தது. முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை 1871ஆம் ஆண்டின் அந்த வட்டப் படத்தையும் அரைப் பக்கத்துக்கு அச்சிடுங்கள். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிளாக் தொழிலாளி,
பவானி, ஈரோடு மாவட்டம்