கைப்பிரதிக்கும் அச்சுக்கும் நடுவே ஒருவர் வேண்டும்

தமிழ்ப் பதிப்பகங்களை நடத்தும் பெருமக்களுக்கு,

வணக்கம். சனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை மனத்தில் வைத்து நீங்கள் கைப்பிரதிகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கும் காலத்தில் இம்மடலை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு நூலை வெளியிடுவது என்று முடிவு செய்த பிறகு, அதைப் பக்க வடிவமைப்புக்கு அனுப்பும் முன், எழுதியவரோடு உட்கார்ந்து பேசி அதைச் செம்மையாக்கத் தெரிந்த ஓர் எடிட்டரிடம் கொடுங்கள். அவருக்குப் போதுமான நாள்களையும் உரிய ஊதியத்தையும் கொடுங்கள்.

என் முதல் நாவலை ஒரு பதிப்பகம் நவம்பர் கடைசியில் ஏற்றுக்கொண்டது. மூன்று வாரத்தில் பக்கங்கள் பிடிஎஃப் கோப்பாக வந்தன. இரண்டு நாளில் பார்த்து அனுப்பச் சொன்னார்கள். மெய்ப்புத் திருத்தியவர் என் ஒற்றுப்பிழைகளைப் பொறுமையாகக் களைந்திருந்தார், அதற்கு இன்றும் நன்றியுடையவன். ஆனால் சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் வாழும் என் கதையின் அப்பத்தா ‘அவுக வந்தாக’ என்று சொன்ன இடமெல்லாம் ‘அவர்கள் வந்தார்கள்’ என்று மாறியிருந்தது. அகப்பட்டவற்றை மீட்டேன், அகப்படாதவை அப்படியே அச்சேறின. அதைவிடப் பெரிய பிழை என்னுடையது. எட்டாம் அத்தியாயத்தில் கணவனை இழந்த அத்தை, பதினைந்தாம் அத்தியாயத்தில் அதே கணவருக்குச் சோறு பரிமாறுகிறார். கையெழுத்துப் படியிலிருந்து அச்சு வரை அந்த நாவலைத் தொட்ட ஒருவரும் அதைக் கதையாக முழுமையாக வாசிக்கவில்லை என்பதை, ஒரு வாசகர் கடிதம் எழுதிக் கேட்டபோதுதான் உணர்ந்தேன். மெய்ப்புத் திருத்துநரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு ஒதுக்கப்பட்ட வேலை அதுவன்று.

இரண்டாவது நாவலை எந்தப் பதிப்பகத்துக்கும் அனுப்பாமல், சேமிப்பிலிருந்து செலவழித்து ஓர் எடிட்டரிடம் கொடுத்தேன். ஏழு மாதங்கள் சேர்ந்து உழைத்தோம். அவர் முதலில் கைப்பிரதியில் ஒரு குறியும் இடாமல் இரண்டு முறை வாசித்தார். பிறகு பதினொரு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். அதில் எழுத்துப்பிழை பற்றி ஒரு சொல்லும் இல்லை. கதை நாற்பத்திரண்டாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது, அதற்கு முன்னிருப்பது நீங்கள் உங்களுக்காக எழுதிக்கொண்ட குறிப்பு என்றார். கோபத்தில் ஒரு வாரம் அக்கடிதத்தைத் திறக்கவில்லை. திறந்து படித்தபோது, அந்தப் பக்கங்களில் நான் விரும்பிய இரண்டு காட்சிகளைத் தவிர மற்றவை கதைக்குத் தேவையில்லை என்பது எனக்கே தெரிந்தது.

அந்நாவலில் வருவது கண்மாயை நம்பி வாழும் ஊர். ஆடி மாதத்தில் கண்மாய் நிறைந்து கலுங்கில் நீர் வழிவதாக ஓரிடத்தில் எழுதியிருந்தேன். “இது மழையை நம்பிய கண்மாய்தானே, வடகிழக்குப் பருவமழைக்கு முன் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது?” என்று ஓரத்தில் கேட்டிருந்தார். காட்சியை ஐப்பசிக்கு மாற்றியதும், அதையொட்டி நடவும் திருமணப் பேச்சும் நகர்ந்து, இரண்டு அத்தியாயங்களின் கால ஒழுங்கு தானாகச் சீரானது. கலுங்கு என்றால் என்ன என்பதை மூன்று இடங்களில் விளக்கியிருந்தேன். ஒன்றுகூட வேண்டாம், நீர் வழிவதைக் காட்டினால் போதும் என்றார். கோயிலா கோவிலா, கறுப்பா கருப்பா என்று ஒவ்வொரு சொல்லுக்கும் எங்கள் முடிவை ஒரு தாளில் எழுதி வைத்தார். இந்நாவலிலும் வரும் அப்பத்தாவின் பேச்சில் ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது என்பது அத்தாளில் அவரே எழுதிய முதல் வரி.

அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. அப்பத்தா ஒரே பழங்கதையை நான்கு முறை சொல்வதை ஒன்றாகக் குறைக்கச் சொன்னார், மறுத்தேன். மூன்று தொலைபேசி உரையாடல்களுக்குப் பிறகு, ஒவ்வொரு முறையும் கதையில் ஒரு விவரம் மாறட்டும் என்ற வழியை இருவருமாகக் கண்டோம். இன்று வாசகர்கள் அந்நாவலில் முதலில் குறிப்பிடுவது அந்தப் பகுதியைத்தான். நானாக அதை எழுதியிருக்க முடியாது, அவராகவும் எழுதியிருக்க முடியாது.

இவ்வுழைப்பு தமிழுக்குப் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன் எத்தனை ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டார், விளங்காத ஒரு சொல்லுக்காக எத்தனை பேரைத் தேடிச் சென்று கேட்டார் என்பதை நாம் பெருமையோடு சொல்லி வருகிறோம். மறைந்த புலவரின் பாடலுக்குக் கிடைத்த அந்தக் கவனம், உயிரோடிருந்து கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய எழுத்தாளரின் கைப்பிரதிக்கு ஏன் கிடைக்கக்கூடாது? 1974இல் தொடங்கப்பட்ட க்ரியா பதிப்பகத்தில், அதை நடத்திய எஸ். ராமகிருஷ்ணன் கைப்பிரதியைச் செம்மையாக்குவதையே பதிப்புப் பணியின் மையமாக வைத்துக் காட்டினார். அவர் 2020இல் மறைந்தபோது நாம் எல்லோரும் அஞ்சலி எழுதினோம். அவர் செய்த வேலைக்கு எத்தனை அலுவலகங்களில் ஒரு நாற்காலி போட்டோம்?

நூறு, இருநூறு பிரதிகளாக அச்சிட்டு விற்கும் காலத்தில் இச்செலவு தாங்காது என்பீர்கள். அந்த நெருக்கடியை நான் அறிவேன். ஆண்டுக்கு முப்பது நூல்கள் கொண்டுவருவோர் இருபத்தைந்தோடு நின்று, மிச்சப்படும் தாள், அச்சுச் செலவை எடிட்டருக்குக் கொடுப்பது இயலாத செயலா? எழுத்தாளர்களாகிய எங்களிடமும் தவறு உண்டு. ஒரு சொல்லைத் தொட்டாலும் கைப்பிரதியைத் திரும்பப் பெறுவோம் என்று சொன்னவர்கள் எங்களில் பலர். ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: செம்மையாக்கத்துக்கு மூன்று மாதமாவது ஒதுக்கப்படும், எழுத்தாளர் எடிட்டரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், ஒவ்வொரு மாற்றமும் அடையாளத்தோடு அவருக்குக் காட்டப்படும், அவர் ஒப்புதலின்றி எதுவும் அச்சேறாது என்று. அட்டை வடிவமைத்தவர் பெயர் வரும் பக்கத்தில் எடிட்டரின் பெயரையும் போடுங்கள்.

என் மூன்றாவது கைப்பிரதி ஆவணியில் முடிந்துவிடும். அதை வரும் புத்தகக் காட்சிக்குத் தர மாட்டேன். செம்மையாக்கத்துக்கு நேரம் ஒதுக்கி, அதற்கடுத்த ஆண்டு வெளியிட முன்வரும் பதிப்பகத்துக்குத் தரக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சிவகங்கை மாவட்டத்து நாவலாசிரியர் ஒருவர்