மழை மட்டும் மலையைக் கரைப்பதில்லை

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. மகள் நிலவியல் எடுத்ததற்கு நீ ஏன் இவ்வளவு கவலைப்படுகிறாய்? நல்ல படிப்புதான். ஓய்வுபெற்ற பிறகு எனக்கு நேரம் தாராளம், அவள் கேட்டனுப்பியதற்கு நானே எழுதிவிடுகிறேன். பாறையைக் கரைக்கும் அளவுக்கு மழைநீரில் அப்படி என்ன அமிலம் என்றுதானே கேட்டாள்?

பெரிதாக ஒன்றுமில்லை. காற்றிலுள்ள கரியமில வாயு மழைத்துளியில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. மாசில்லாத மழைநீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, 7 என்றால் நடுநிலை) சுமார் 5.6, நாக்குக்குப் புளிக்கக்கூடச் செய்யாது. அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிய பிறகுதான் விஷயமே இருக்கிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சால், மண்ணின் இடுக்குகளில் கரியமில வாயு வெளிக்காற்றில் உள்ளதைவிட 10 முதல் 100 மடங்கு வரை இருக்கும். மக்கும் இலைதழைகளின் அமிலங்கள் வேறு. ஈரமான மண்ணுக்கடியில் புதைந்த பாறை, மொட்டைப் பாறையைவிட வேகமாகச் சிதைவது இதனால்தான்.

சுண்ணாம்புக்கல்லின் கதை எளிது. அமிலம் பட்டதும் கால்சியம் பைகார்பனேட்டாகி நீரோடு போய்விடும். போன இடம் குகையாகும்.

கருங்கல் அப்படியில்லை. சிதைந்த கருங்கல் துண்டு ஒன்றை உடைத்துப் பார்க்கச் சொல். பளபளப்பாக இருந்திருக்க வேண்டிய ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மங்கி, நகத்தால் கீறினால் மாவாக உதிரும். அதிலிருந்த பொட்டாசியத்தையும் சோடியத்தையும் நீர் கொண்டுபோய்விட்டது, மிஞ்சியது களிமண். கறுப்பு மைக்காவைச் சுற்றித் துருவின் பழுப்பு படர்ந்திருக்கும். குவார்ட்ஸ் என்ற கனிமம் மட்டும் கண்ணாடிபோல் அப்படியே இருக்கும். பிடிமானம் போனதும் அது உதிர்ந்து மணலாகிறது. ஆற்றுமணலில் குவார்ட்ஸ் ஏன் அவ்வளவு மிகுதி என்பது இப்போது அவளுக்கே புரியும்.

பாறைமேல் படரும் கல்பாசியையும் விட்டுவிடக் கூடாது. அது சுரக்கும் ஆக்சாலிக் அமிலம், கனிமங்களிலிருந்து இரும்பையும் அலுமினியத்தையும் பற்றி இழுத்துவிடும்.

எல்லாமே சாது அமிலங்கள் என்றும் எண்ண வேண்டாம். நியூ மெக்ஸிகோவின் கார்ல்ஸ்பேட் குகைகளைக் குடைந்தது கந்தக அமிலம். கீழேயிருந்த எண்ணெய், எரிவாயுப் படிவுகளிலிருந்து மேலேறிய ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஆக்சிஜன் கலந்த நிலத்தடி நீரைச் சந்தித்ததன் விளைவு. கந்தக அமிலம் சுண்ணாம்புக்கல்லைத் தின்றால் மிஞ்சுவது ஜிப்சம்; குகைக்குள் அது குவிந்து கிடப்பதே அதற்குச் சாட்சி.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். கருங்கல் போன்ற சிலிக்கேட் (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமங்களாலான) பாறைகள் சிதையும்போது வெளிவரும் கால்சியம் கடலுக்குப் போய், சிப்பி ஓடுகளாகவும் பிறகு சுண்ணாம்புக்கல்லாகவும் படிகிறது. காற்றிலிருந்த கரியமில வாயுவின் ஒரு பங்கு அதோடு பூட்டப்படுகிறது. பூமி சூடானால் சிதைவு வேகமெடுக்கும், வாயு குறையும், மீண்டும் குளிரும். 1981-ல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் ஆகிய மூன்று அறிவியலாளர்கள் இதை விளக்கினார்கள். ஆனால் இதற்குப் பல லட்சம் ஆண்டுகள் பிடிக்கும். நாம் விடும் புகைக்கு இதை நம்பிப் பயனில்லை.

சுண்ணாம்புக்கல் கரைவதால் மட்டும், காற்றில் கரியமில வாயு குறையும் இந்த லாபம் ஏன் நிலைப்பதில்லை என்று அவளிடம் கேள். பதில் வரட்டும், பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
சேகர்