மாணவர் தாமாக எழுதும் நிரலையும் மதிப்பிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்கள் கணினியின் முன் செலவிடும் நேரத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் வாசகர் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பெரும்பாலானவை பெற்றோரின் கவலையைச் சொல்பவை. அந்தக் கவலையில் நியாயமும் உண்டு. ஆனால், திரையை விட்டுக் கண்ணெடுக்காத பிள்ளை அங்கே என்னதான் செய்துகொண்டிருக்கிறது என்று எந்தக் கடிதமும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கணினி அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில், தாமாகவே நிரலாக்கம் கற்று, பொழுதுபோக்காகச் சொந்த மென்பொருள்களை எழுதிப் பார்க்கும் மாணவர்களைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

இவர்களில் பலருக்கு நிரலாக்கம் முதல் ஆர்வமாக இருப்பதில்லை. வேறொரு விருப்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அதற்குள் நுழைகிறார்கள். கிட்டார் பழகும் மாணவர், ஐந்தாம் தந்தி 110 ஹெர்ட்சில் அதிர்கிறதா என்று பார்க்க, மைக்ரோஃபோனில் விழும் ஒலியை அலசும் நிரலை எழுதத் தொடங்குகிறார். சொல் விளையாட்டில் ஈடுபாடுள்ளவர், நம் கண்ணுக்கு இரண்டே எழுத்தாகத் தெரியும் ‘மொழி’ என்ற சொல்லை, உயிர்மெய்க் குறிகளைத் தனியே எண்ணும் யூனிகோடு முறையால், கணினி நான்கு என்று எண்ணுவதைக் கண்டு திகைத்து, அந்தத் திகைப்பிலிருந்தே, எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் எழுத்துக் குறியாக்கத்தைப் படிக்கத் தொடங்குகிறார். இவற்றை எந்தப் பாடவேளையும் அவர்கள் முன் வைப்பதில்லை.

எனக்குத் தெரிந்த மாணவி ஒருவர் சதுரங்கத்தில் ஆர்வம் கொண்டவர். பைத்தான் என்ற நிரல் மொழியைத் தாமே கற்று, சதுரங்கம் ஆடும் நிரல் ஒன்றை ஏழெட்டு மாதங்களாக எழுதி வந்தார். சதுரங்கத்தின் தொடக்க நிலையில் வெள்ளைக்கு 20 நகர்வுகள் உண்டு. கறுப்பின் பதில் நகர்வையும் சேர்த்தால் 400 வழிகள். இப்படி இரு பக்க நகர்வுகளையும் ஒவ்வொன்றாக எண்ணினால், மூன்றாம் நகர்வு வரை 8,902. நான்காம் நகர்வு வரை 1,97,281. ஐந்தாம் நகர்வு வரை 48,65,609. சதுரங்க நிரல் எழுதுவோர், தங்கள் நிரல் ஆட்ட விதிகளைப் பிசகின்றிப் பின்பற்றுகிறதா என்று அறிய இந்த எண்களையே உரைகல்லாகக் கொள்கிறார்கள். மாணவியின் நிரல் நான்காம் நகர்வு வரை இம்மி பிசகாமல் எண்ணியது. ஐந்தாவதில் 48,65,351 என்று காட்டியது. 258 குறைந்தது.

ஏறத்தாழ ஐம்பது லட்சத்தில் 258 என்பது யாருக்கும் பொருட்டாகத் தோன்றாது. அந்த மாணவிக்கு அது உறுத்தியது. மொத்த எண்ணை முதல் நகர்வு வாரியாக 20 பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சரியான விடையுடன் ஒப்பிட்டார். 12 நகர்வுகளில் எண் பொருந்தியது. சிப்பாயை முதலிலேயே இரண்டு கட்டம் தள்ளும் 8 நகர்வுகளில் மட்டும் குறைந்தது. ஐந்தாம் நகர்வுக்குள் சிப்பாய் சம்பந்தப்பட்டு என்ன நடக்கக்கூடும் என்று யோசித்தபோது விடை கிடைத்துவிட்டது. இரண்டு கட்டம் தாண்டி வந்து பக்கத்தில் நிற்கும் எதிரிச் சிப்பாயை அடுத்த நகர்விலேயே வெட்ட அனுமதிக்கும் ‘ஆன் பாசான்’ விதி அவருடைய நிரலில் இருந்தது. ஆனால் அதற்கான குறிப்பை, எதிராளி பயன்படுத்துவதற்கு முன்பே நிரல் அழித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வரியை இடம் மாற்றியதும் 48,65,609 வந்தது. அன்று மாலை அவர் அதை எனக்கு விளக்கிய விதத்தில், இத்தனை ஆண்டுகளாக நான் பிழைதிருத்தம் பற்றி நடத்திய பாடம் முழுவதும் அடங்கியிருந்தது.

அந்த நிரலைத் தம் பாடத்திட்டத்துக்குரிய புராஜெக்டாகச் சமர்ப்பிக்க அவர் அனுமதி கேட்டார். அவர் படிக்கும் நிறுவனம், கொடுத்த தலைப்புப் பட்டியலில் சதுரங்கம் இல்லை என்று மறுத்துவிட்டது. ஆண்டுதோறும் கைமாறி வரும் நூலக மேலாண்மை நிரல் ஒன்றில் பெயர்களை மாற்றிக் கொடுத்து அவர் மதிப்பெண் வாங்கினார். நேர்மையான உழைப்பை ஒதுக்கி வைத்து, நகலெடுப்பதை நாமே ஒரு பிள்ளைக்குப் பழக்கியிருக்கிறோம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தாமே எழுதியதா, செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்ததா என்று எப்படி அறிவது எனச் சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். தேர்வாளர் அருகில் அமர்ந்து, 258 ஏன் குறைந்தது, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். பட்டியலிலிருந்து எடுத்த நூலக நிரலைப் பற்றிக் கேட்பதற்கு அப்படி ஒரு கேள்வியே இல்லை.

தாமே கற்பவர்களிடம் குறைகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. பயனரின் கடவுச்சொல்லை, திறப்பவர் யாரும் படித்துவிடும்படி அப்படியே கோப்பில் எழுதி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘கடைசி’, ‘கடைசி 2’, ‘உண்மையிலேயே கடைசி’ என்று பெயரிட்டு ஒரே நிரலின் பல பிரதிகளைச் சேர்த்து வைத்திருப்பார்கள். மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி 2005 முதல் இருப்பதை யாராவது சொன்னால்தான் அறிகிறார்கள். இந்த இடைவெளிகளை நிரப்பத்தான் ஆசிரியர் தேவைப்படுகிறார். அவர்களுடைய நிரலை நாம் வாங்கிப் படிக்காத வரையில் இடைவெளி எங்கே என்பதே நமக்குத் தெரியாது.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் தொடக்கத்தைப் பலர் அறிவார்கள். 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிவரும் இயங்குதளத்தை வெறும் பொழுதுபோக்கு என்றே அறிவித்தார். பலரும் காணொளி பார்க்கப் பயன்படுத்தும் விஎல்சி மென்பொருளும் 1996இல் பாரிஸ் அருகே பொறியியல் மாணவர்கள் தொடங்கிய வேலையிலிருந்து வந்ததுதான். இவற்றை நினைவூட்டுவதால், ஒவ்வொரு மாணவரிடமும் அப்படியொன்றை எதிர்பார்க்கச் சொல்கிறேன் என்று பெற்றோர் எண்ண வேண்டாம். “இதனால் மதிப்பெண் வருமா, வேலை கிடைக்குமா” என்று தொடக்கத்திலேயே கேட்டுவிட்டால், பிள்ளைகள் தாம் எழுதுவதை நம்மிடம் காட்டுவதையே நிறுத்திவிடுவார்கள். பாதியில் நின்றுபோன நிரல்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். எங்கே முட்டி நின்றார்கள் என்பது அவற்றில்தான் தெரியும்.

கல்வி நிறுவனங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். தலைப்புப் பட்டியலின் கடைசியில் ‘மாணவர் சொந்தமாக எழுதிவரும் மென்பொருள்’ என்று ஒரு வரியைச் சேர்த்து, அதை நேர்முக விளக்கத்தின் வழியாக மதிப்பிட ஏற்பாடு செய்யுங்கள்.

நான் குறிப்பிட்ட மாணவி இப்போது, ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்தும் ‘கோட்டை கட்டும்’ விதியைச் சோதித்துக்கொண்டிருக்கிறார். தொடக்க நிலையிலிருந்து ஏழாம் நகர்வுக்கு முன் யாராலும் கோட்டை கட்ட முடியாது. ஆகவே, ஐந்தாம் நகர்வு வரை கிடைத்த சரியான விடை அந்த விதியைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்பதை அவரே கண்டுகொண்டார்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியை ஒருவர்