டிக்கெட் வாங்க ஒரு பட்டன், திருப்பிக் கொடுக்க ஏன் இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். போனது போகட்டும் என்று விட்டுவிடத்தான் நினைத்தேன், ஆனால் தெருவில் நாலு பேரிடம் சொன்னபோது ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள், ஒருவருக்கு நாடக டிக்கெட், இன்னொருவருக்குப் பிள்ளைகளின் கோடைக்காலப் பயிற்சி முகாம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பிளஸ் டூ முடிந்ததும் கூட்டிப்போகிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்ததால், சென்னையில் ஓர் இசை நிகழ்ச்சிக்கு ஆன்லைனில் நான்கு டிக்கெட் எடுத்தேன். ஒரு டிக்கெட் 1,499 ரூபாய். அதற்கு மேல் கன்வீனியன்ஸ் ஃபீ, அந்த ஃபீக்கு ஜிஎஸ்டி. யுபிஐ பின் நம்பரைப் போட்ட நொடியில் பணம் போனது, கையிலிருந்து போனை இறக்குவதற்குள் டிக்கெட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

நிகழ்ச்சிக்கு 19 நாள் இருக்கும்போது என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன், அப்புறம் குறைந்தது ஆறு வாரம் ஆள் கூடவே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்தபடியே ஆப்பைத் திறந்தேன். என் புக்கிங் பக்கத்தில் கியூஆர் கோடு இருந்தது. நண்பருக்கு அனுப்ப ஒரு பட்டன், மைதானத்துக்கு வழி காட்ட ஒரு பட்டன், சாப்பாட்டை முன்கூட்டியே வாங்கவும் ஒரு பட்டன் இருந்தது. ரத்து என்ற சொல்லை மட்டும் எங்கும் காணோம். உதவிப் பக்கத்துக்குப் போனால் சாட்பாட் ஐந்து கேள்விகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறது, பணம் போயும் டிக்கெட் வரவில்லையா, பெயரில் பிழையா என்று. என் பிரச்சினை அந்த ஐந்தில் இல்லை. சரி என்று மெயில் அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: விற்ற டிக்கெட் திரும்பப் பெறப்படாது, நீங்கள் ஒப்புக்கொண்ட விதிமுறைகளைப் பார்க்கவும், மேற்கொண்டு ஏற்பாட்டாளரைக் கேட்கவும். ஏற்பாட்டாளரின் நம்பரோ முகவரியோ டிக்கெட்டில் கிடையாது.

பணத்தைவிட என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. அந்த ராத்திரியே, அந்த ஆப்பிலேயே, நாங்கள் எடுத்த அதே பகுதிக்கு டிக்கெட் விற்பனை ஓடிக்கொண்டிருந்தது. 'வேகமாக விற்பனையாகிறது' என்று ஆரஞ்சு எழுத்தில் போட்டிருந்தார்கள். அடுத்த வாரமே அந்தப் பகுதி முழுக்க விற்றுத் தீர்ந்துவிட்டது. என் நாலு இடத்தை அன்றே திரும்ப எடுத்துக்கொண்டிருந்தால் வேறு நாலு பேர் போய்ப் பாட்டுக் கேட்டிருப்பார்கள், ஏற்பாட்டாளருக்கும் ஒரு ரூபாய் நட்டமில்லை.

ரயில் டிக்கெட்டை நாம் எத்தனை வருடமாக வீட்டிலிருந்தே ரத்து செய்கிறோம்! எந்தப் பக்கத்தில் எடுத்தோமோ அதே பக்கத்தில் ரத்து செய்யலாம், எவ்வளவு பிடிப்பார்கள் என்பது முன்பே தெரியும், வண்டி கிளம்பும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். அது நியாயம் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டாயிற்று. விமானத்திலும், விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் டிக்கெட் எடுத்து, பயணத்துக்கு ஒரு வாரமாவது இருந்தால், 24 மணி நேரத்துக்குள் கட்டணம் இல்லாமல் ரத்து செய்யும் வசதியை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் முன்பே கொண்டு வந்தது. தினம் தினம் லட்சக்கணக்கானோரைச் சுமக்கும் ரயில்வேயால் முடிவது, ஒரு மைதானத்துக்கு டிக்கெட் விற்பவர்களால் முடியாதா?

ஐரோப்பாவில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அங்கே ஆன்லைனில் போட்ட ஒப்பந்தத்திலிருந்து 14 நாளைக்குள் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளும் உரிமை 2011-இல் வந்த நுகர்வோர் சட்டத்திலேயே இருக்கிறது. 2023-இல் அதோடு இன்னொன்றைச் சேர்த்தார்கள்: அந்த உரிமை உள்ள இடத்தில் எல்லாம், ஒப்பந்தம் போட்ட அதே தளத்தில், கண்ணில் படும்படி விலகல் பட்டன் இருக்க வேண்டும், அழுத்திய பிறகு உறுதி செய்ய இன்னொரு பட்டன், பிறகு எந்த நாள் எத்தனை மணிக்கு விலகினீர்கள் என்று நிறுவனமே எழுத்தில் ஒப்புதல் அனுப்ப வேண்டும். 2026 ஜூன் 19 இதற்குக் குறித்த நாள். ஜெர்மனியில் மாதாமாதம் பணம் கட்டும் சந்தாக்களை நிறுத்துவதற்கு 2022 ஜூலை முதலே பட்டன் கட்டாயம்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட தேதியில் நடக்கும் கச்சேரி, விளையாட்டு போன்ற பொழுதுபோக்கு டிக்கெட்டுகளுக்கு அந்த 14 நாள் உரிமை அங்கேயும் கிடையாது, சட்டத்திலேயே விலக்கு வைத்திருக்கிறார்கள். ஏற்பாட்டாளர் மண்டபம், ஒலி, ஒளி எல்லாவற்றுக்கும் முன்பணம் கட்டியிருப்பார், கடைசி நேரத்தில் ஆட்கள் விலகினால் அவர் தலையில் விழும் என்பதுதான் காரணம். இடைத்தரகு நிறுவனம் மூலம் வாங்கிய டிக்கெட்டுக்கும், நட்டம் ஏற்பாட்டாளர் தலையில் விழும்வரை, இந்த விலக்கு பொருந்தும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022-இல் ஒரு ஜெர்மன் வழக்கில் சொன்னது. அந்தக் கவலை எனக்கும் புரிகிறது. எங்கள் ஊர் சபாக்காரர்கள் கைக்காசைப் போட்டுக் கச்சேரி நடத்துவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கடைசி இரண்டு நாளுக்குச் சொல்லும் காரணத்தை 19 நாளுக்கு முன்னால் கேட்பவனிடமும் சொல்வது சரியில்லை. ஐரோப்பாவின் விலக்கை எடுக்க வேண்டாம், அந்தப் பட்டனை மட்டும் எடுத்துக்கொள்வோம், பிடித்தக் கணக்குக்கு நம் ரயில்வே இருக்கிறது.

நம் சட்டத்திலேயே பாதி வழி இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகளில், நிறுவனம் தானாக ரத்து செய்யும்போது அதே மாதிரிக் கட்டணத்தைத் தானும் ஏற்காவிட்டால், நுகர்வோரிடம் ரத்துக் கட்டணம் வாங்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. கட்டிய பணம் முழுவதையும் வைத்துக்கொள்வது நூறு சதவீத ரத்துக் கட்டணம்தானே? நிகழ்ச்சியை அவர்களே ரத்து செய்தால் நாம் கட்டியதற்கு மேல் இன்னொரு மடங்கு தருகிறார்களா என்ன? பல இடங்களில் கன்வீனியன்ஸ் ஃபீகூடத் திரும்பி வருவதில்லை. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையத்தில் நடக்கும் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. சந்தாவை ரத்து செய்யும் வழியை மறைத்து வைப்பதும் அதில் ஒன்று. சந்தாவுக்குத் தவறு என்றால் ஒரு தடவை எடுக்கும் டிக்கெட்டுக்கும் அது தவறுதான். அந்த ஒரு வரியை ஆணையம் நீட்டி எழுதினால் போதும்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. டிக்கெட் இருக்கும் பக்கத்திலேயே ரத்து பட்டன் வேண்டும். எடுத்த 24 மணி நேரத்துக்குள் முழுப் பணமும் வரட்டும், நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் வரை சின்னப் பிடித்தம் இருக்கட்டும், கடைசி இரண்டு மூன்று நாளில் ஒன்றும் வராது என்றால் அதையும் பணம் கட்டும் திரையிலேயே பெரிய எழுத்தில் போடட்டும். அழுத்தியதும் நேரத்தோடு ஒரு ரசீது வர வேண்டும், பணம் போன வழியிலேயே திரும்ப வர வேண்டும், கூப்பன் வேண்டாம்.

தேதி மாறினாலோ இடம் மாறினாலோ அந்தப் பட்டன் பிடித்தம் இல்லாமல் தானாகத் திறக்க வேண்டும். 2023-இல் பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரகுமான் கச்சேரியை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆகஸ்ட் 12-ஆம் தேதி மழையால் தள்ளிப்போய் செப்டம்பர் 10-ஆம் தேதி நடந்தது. டிக்கெட் வைத்திருந்தவர்களே நெரிசலில் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். டிக்கெட் நகலையும் குறையையும் மெயிலில் அனுப்பச் சொல்லி ரகுமானே பொதுவெளியில் கேட்டுக்கொண்டார். அவர் மனம் வைத்தார், சரி. அப்படி மனம் வைக்க ஆள் இல்லாத நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்தவர் யாரிடம் போய் நிற்பார்?

மாநில அரசும் சும்மா இருக்க வேண்டியதில்லை. பெரிய நிகழ்ச்சி என்றால் போலீஸ் அனுமதி இல்லாமல் நடக்காது. வாகன நிறுத்தம் எங்கே, வெளியேறும் வழி எத்தனை என்று கேட்கும்போதே டிக்கெட்டை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்றும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், புகார் எண் வந்திருக்கிறது. அதில் தீரவில்லை என்றால் எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன். நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்குக் கட்டணமும் இல்லை. என்னைப் போல டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கும் வாசகர்கள் அந்த ரத்து செய்ய வழியில்லாத பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புகாரோடு இணைக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி