வியர்வை கொழுப்பைக் கரைக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் உடற்பயிற்சிப் பக்கத்தில், எவ்வளவு வியர்க்கிறதோ அவ்வளவு கொழுப்பு கரைகிறது என்றும், வெயிலில் தடித்த உடை அணிந்து ஓடினால் விரைவில் பலன் கிடைக்கும் என்றும் எழுதப்பட்டிருந்தது. முதல் கூற்று தவறு, இரண்டாவது ஆபத்தானது.

உடற்பயிற்சியின்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. குளிர்ந்த சூழலில் அதில் பெரும்பகுதி தோலிலிருந்து நேரடியாகக் காற்றுக்குச் சென்றுவிடுவதால் வியர்வை குறைவாகவே சுரக்கிறது. காற்றின் வெப்பநிலை ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸை, அதாவது தோலின் வெப்பநிலையை, எட்டிவிட்டால் அந்த வழி அடைபட்டு, வியர்வை ஆவியாவது ஒன்றே உடலுக்குப் புகலாகிறது. ஆகவே ஒரே வேகத்தில் ஒரே நேரம் ஓடும் ஒருவருக்கு 20 டிகிரியில் சட்டை ஓரளவே நனைவதும், 35 டிகிரியில் பிழிந்தால் சொட்டுமளவு ஊறிவிடுவதும் சூழலின் வேறுபாடே அன்றி, எரிந்த கொழுப்பின் வேறுபாடு அன்று. ஓடி முடித்ததும் எடைக்கருவி காட்டும் ஒரு கிலோ குறைவு பெரும்பாலும் ஒரு லிட்டர் தண்ணீர்தான், குடித்ததும் திரும்பிவிடும்.

கட்டுரை ஈரப்பதத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறாதது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலின்மீது ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆனால் தாடையிலிருந்து தரையில் சொட்டும் துளி உடலைச் சிறிதும் குளிர்விப்பதில்லை. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. உடல் மேலும் சுரக்கிறது, நீரை இழக்கிறது, சூடோ தணிவதில்லை. காற்றுப் புகாத உடை இதே நிலையைத் தோலுக்கும் துணிக்கும் இடையே உண்டாக்குகிறது. 1997ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர், போட்டிக்காக எடையைக் குறைக்க இவ்வகை உடையணிந்து வெப்பத்தில் பயிற்சி செய்து, சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து உயிரிழந்தனர். அதன்பின் அந்நாட்டுக் கல்லூரி மல்யுத்தத்தில் அவ்வுடை தடைசெய்யப்பட்டது. பயிற்சி பெற்ற இளைஞர்களுக்கே இக்கதி என்றால், புதிதாக ஓடத் தொடங்கும் வாசகர் என்ன ஆவார்?

வெப்பத்தில் பயிற்சியே கூடாது என்பது என் வாதமன்று. நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழகினால் ஒன்றிரண்டு வாரங்களில் உடல் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது, அதிகமாகச் சுரக்கிறது, அதில் வெளியேறும் உப்பும் குறைகிறது. நன்கு பயிற்சி பெற்றவருக்கு வியர்வை மிகுவது இதனால்தான். அவசரப்படுவதே கேடு.

அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பயிற்சியின் நடுவே ஒருவர் தடுமாறினாலோ, பேச்சுக் குழறினாலோ, அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம் என்பதையும், வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் அந்நிலை ஏற்படக்கூடும் என்பதையும், உடனே மருத்துவ உதவிக்கு அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் குளிர்ந்த நீரால் உடலைக் குளிர்விக்க வேண்டும் என்பதையும் அத்திருத்தத்தோடு சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்