எங்கள் மருத்துவமனையின் சர்வர்கள் இடம்பெயர உதவிய அனைவருக்கும்

அன்புடையீர்,

வணக்கம். மன்னார்குடி பக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் நான். எங்கள் சர்வர் அறையில் ஓடிக்கொண்டிருந்த விர்ச்சுவல் மெஷின்கள் (வி.எம்; ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினிகளாக ஓடுபவை) எல்லாம், அவற்றின் டிஸ்க்குகளோடும் எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் படங்களோடும், கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் தரவு மையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பதிவு கவுன்ட்டரில் அதே திரைதான். ஆய்வகத்தில் அதே ரிப்போர்ட்தான். நோயாளிகள் யாரும் எந்த மாற்றத்தையும் உணரவில்லை. அப்படி உணராதபடி பார்த்துக்கொண்டவர்கள் பலர். நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் அவர்கள் செய்தது என்னவென்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

அறக்கட்டளையின் செயலாளர் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது எங்கள் பக்கம் என்ன ஆனது என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. டீசல் கிடைக்கும் வரைதான் ஜெனரேட்டர், ஜெனரேட்டர் ஓடும் வரைதான் நோயாளியின் பழைய கோப்பு என்ற நிலைமையை அம்மா மறக்கவே இல்லை. வி.எம்களை ஓட்ட நாங்கள் வைத்திருந்த விஸ்பியர் மென்பொருளின் 6.7 பதிப்புக்கு ஆதரவு 2022 அக்டோபரோடு முடிந்தது. அவற்றின் உள்ளே ஓடிய சென்ட்ஓஎஸ் 7 இயங்குதளத்துக்கு 2024 ஜூன் 30 கடைசி நாள். புது சர்வர் வாங்கி அதே அறையில் வைப்பதா, வெளியே போவதா என்ற கேள்வி வந்தபோது அவர்தான் வெளியே போகலாம் என்றார். அதோடு நிற்கவில்லை. புயலில் இணையமும் போகுமே, அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டு, இரண்டாவது இணைய இணைப்புக்கும், அண்மைக்கால நோயாளி விவரங்களின் பிரதி ஒன்றை மருத்துவமனைக்குள்ளேயே வைத்திருக்கும் சிறு கணினிக்கும் பணம் ஒதுக்கினார். கிளவுடுக்குப் போகிற சின்ன மருத்துவமனைகள் இந்தச் செலவைத்தான் முதலில் வெட்டுகின்றன. வெட்டக் கூடாத செலவு இது.

தரவு நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அறக்கட்டளையின் நிபந்தனை. அமேசானின் கிளவுட் சேவையான அமேசான் வெப் சர்வீசஸுக்கு மும்பையில் 2016 முதலும் ஹைதராபாத்தில் 2022 முதலும் தரவு மையங்கள் இருப்பதால் சர்வர்கள் மும்பையில், பேக்கப் ஹைதராபாத்தில் என்று முடிவானது.

அடுத்து எங்கள் ஐயாவுக்கு. எனக்கு முன் இந்தப் பிரிவை நடத்தி ஓய்வு பெற்றவர். ஐயா, நீங்கள் விட்டுப்போன நோட்டுதான் எங்களுக்கு வரைபடம். ஒவ்வொரு வி.எம்மும் எதற்கு, அதை நம்பி யார் இருக்கிறார்கள், எது எழுந்த பிறகு எதை எழுப்ப வேண்டும் என்று உங்கள் கையெழுத்தில் இருந்தது. யார் உள்ளே வரலாம் என்று சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலரும், பெயரைக் கொடுத்தால் கணினியின் முகவரி எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ்ஸும் முதலில். பிறகு டேட்டாபேஸ். அது முழுதாக எழுந்ததை லாகில் (நிகழ்வுப் பதிவில்) பார்த்த பிறகுதான் பில்லிங்கும் ஆய்வக மென்பொருளும். கடைசியில் ஸ்கேன் படங்களின் சர்வர். எந்த சர்வர் எதனோடு பேசுகிறது என்று கண்டுபிடிக்க மென்பொருள்கள் உண்டு. நாங்களும் ஓடவிட்டுப் பார்த்தோம். ஆனால் மாதக் கடைசியில் மட்டும் விழித்து, காப்பீட்டுக் கணக்கை எடுத்து அனுப்பும் ஒரு சின்ன வி.எம் அதில் தெரியவே இல்லை. உங்கள் நோட்டில் இருந்தது. ஓய்வுக்குப் பிறகும் கூப்பிட்ட போதெல்லாம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

இனி ஆய்வகப் பொறுப்பாளர் அக்காவைப் பற்றி. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் திட்டத்தின் வடிவத்தையே மாற்றியவர் அவர். ரத்த அணுக்களை எண்ணும் கருவி, பயோகெமிஸ்ட்ரி அனலைசர், எலக்ட்ரோலைட் கருவி எல்லாம் முடிவுகளை நேரே லேப் சர்வருக்கு அனுப்புகின்றன. அனுப்ப வேண்டிய முகவரி கருவிக்குள்ளேயே ஐபி எண்ணாகப் பதிந்து கிடக்கும். சர்வர் கிளவுடுக்குப் போனால் அதன் ஐபி மாறிவிடும். டிஎன்எஸ்ஸில் புது முகவரியை எழுதிவிட்டால் கணினிகள் தாமாகவே அங்கே போய்விடும். கருவிகள் போகாது, அவை டிஎன்எஸ்ஸைக் கேட்பதே இல்லை.

அக்கா ஒரு பட்டியல் போட்டுக் கொண்டுவந்தார். எந்தக் கருவி, அதன் ஐபி என்ன, எந்த போர்ட்டில் பேசுகிறது, எது சீரியல் கேபிள் வழியாக வருகிறது, எதன் அமைப்பை நாமே மாற்றலாம், எதற்கு சர்வீஸ் இன்ஜினியர் வந்தால்தான் முடியும், எந்த நேரத்தில் மாதிரிகள் குறைவாக வரும் என்பது வரைக்கும். அந்தக் கடைசி விவரத்தைப் போட எந்தக் கணினிக்காரனுக்கும் தோன்றியிருக்காது. பட்டியலைப் பார்த்ததும்தான் புரிந்தது: கருவி கருவியாக முகவரி மாற்றிக்கொண்டிருந்தால் ஒன்று இல்லாவிட்டால் ஒன்று விட்டுப்போகும். அதனால் பழைய சர்வரின் ஐபியை மருத்துவமனைக்குள்ளேயே ஒரு சின்ன இடைநிலைக் கணினிக்குக் கொடுத்துவிட்டோம். கருவிகள் வழக்கம்போல அதே எண்ணுக்கு அனுப்புகின்றன. அந்தக் கணினி முடிவுகளை வாங்கி கிளவுடுக்கு அனுப்புகிறது; இணைப்பு இல்லையென்றால் வரிசையில் வைத்துக்கொண்டு, இணைப்பு வந்ததும் அனுப்புகிறது. ஒரு கருவியையும் தொட வேண்டியிருக்கவில்லை. அக்கா, இது உங்களால் ஆனது.

கணக்குப் பிரிவு அலுவலருக்கு என் நன்றி அவர் கேட்ட கேள்விகளுக்காக. அணைத்து வைத்தால் காசு குறையுமா என்று கேட்டார். வி.எம்மை அணைத்தால் அதன் கட்டணம் நிற்கும், அதோடு இணைந்த டிஸ்க்கின் கட்டணம் நிற்காது என்றேன். அப்படியானால் டிஸ்க்கில் எவ்வளவு நிஜமாகவே நிறைந்திருக்கிறது என்றார். நம் சர்வரில் டிஸ்க்குகள் தின் ப்ரொவிஷனிங்கில் இருந்தன. 2 டிபி என்று பெயர் இருந்தாலும் எழுதிய அளவுக்கே இடம் பிடிக்கும். கிளவுடில் கேட்டு வாங்கிய அளவு முழுவதற்கும் கட்டணம். அப்படியே தூக்கிக்கொண்டு போயிருந்தால் காலி இடத்துக்கு மாதாமாதம் பணம் கட்டியிருப்போம். சரி, சுருக்கலாம் என்றால் சென்ட்ஓஎஸ் 7 வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் பெரிதாக்கத்தான் முடியும், சுருக்க முடியாது. அதனால் தரவு டிஸ்க்குகளை அப்படியே நகர்த்தாமல், அங்கே சிறிய டிஸ்க் உருவாக்கி கோப்புகளை மட்டும் ஆர்சிங் என்ற பிரதியெடுக்கும் மென்பொருளால் அனுப்பினோம். பழைய தற்காலிகக் கோப்புகளும் அதோடு ஒழிந்தன.

மற்ற டிஸ்க்குகள் பிளாக் பிளாக்காக, அதாவது சிறு சிறு துண்டுகளாகப் போயின. வி.எம்முக்குள் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருள் உட்கார்ந்து, முதலில் டிஸ்க் முழுவதையும் அனுப்பும். பிறகு எழுதப்படும் மாற்றங்களை மட்டும் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். இதற்கெல்லாம் பொறுமை வேண்டும். 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழுதாகக் கிடைத்தாலும் 1 டிபி போக 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பகலில் அதே இணைப்பில்தான் மருத்துவமனையும் ஓட வேண்டும். பகலில் வேகத்தைக் கட்டுப்படுத்தி இரவில் திறந்துவிட்டோம். அந்த நாட்களில் வீடியோ அழைப்புகளைத் தள்ளிவைத்து ஒத்துழைத்த நிர்வாக அலுவலகத்தாருக்கு நன்றி.

எங்கள் இணைய இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கு மருத்துவர்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறார்கள். மருத்துவமனைக்கும் கிளவுடுக்கும் நடுவே ஐபிசெக் விபிஎன் என்ற மறையாக்கப்பட்ட இணைய வழி போட்டாயிற்று. பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போனது, லாகின் ஆனது, நோயாளி பெயரும் வயதும் சட்டென்று வந்தன. சிடி ஸ்கேன் படத்தைத் திறந்தால் மட்டும் பாதியில் நின்றது. சோதனை ஓட்டத்தில்தான் இது. ஆனாலும் எங்களுக்குக் கைகால் ஓடவில்லை. தம்பி வந்தார். பாக்கெட்டை (தரவுத் துண்டை) உடைக்காதே என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்பினார். அதோடு தலைப்புகள் 28 பைட் சேர்ந்தால் 1500, அதாவது ஈதர்நெட்டின் வழக்கமான உச்ச அளவு. பதில் இல்லை. அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் பதில் வந்தது. விபிஎன் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தன் உறையையும் போடுவதால் உள்ளே இருக்கும் இடம் குறைந்துவிடுகிறது. அகலமான பீரோவைச் சின்ன வாசலில் நுழைக்கப் பார்ப்பது போல, பெரிய பாக்கெட்டுகள் வழியில் மாட்டிக்கொண்டன. இது பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு என்று திரும்பி வர வேண்டிய செய்தியை நடுவில் ஏதோ ஒரு ஃபயர்வால் தடுத்திருந்தது. அதனால் அனுப்பியவருக்கு விஷயமே தெரியவில்லை. ஒரு பாக்கெட்டில் எவ்வளவு தரவு வைக்கலாம் என்று சொல்லும் டிசிபியின் எம்எஸ்எஸ் அளவை ரவுட்டரில் குறைத்தார், படம் வந்துவிட்டது. இத்தனையையும் செய்துகொண்டே எங்கள் பயிற்சி மாணவர்களுக்கு ஒவ்வொரு படியையும் விளக்கினார். அதற்குத் தனி நன்றி.

பெங்களூரில் ஸ்டோரேஜ் துறையில் வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழி தொலைபேசியில் தந்த ஓர் எச்சரிக்கை, கட்ஓவருக்கு (பழைய சர்வரை நிறுத்திப் புதியதற்கு மாறுவதற்கு) அடுத்த நாள் காலையைக் காப்பாற்றியது. ஸ்னாப்ஷாட்டிலிருந்து (ஒரு நேரத்தில் எடுத்த டிஸ்க் பிரதியிலிருந்து) பிறக்கும் இபிஎஸ் டிஸ்க், அதாவது அமேசானின் கிளவுட் டிஸ்க், உடனே தயாராக இருப்பதாகக் காட்டும். உண்மையில் தரவு பின்னால் எஸ்3 என்ற சேமிப்புக் கிடங்கில் இருக்கிறது. ஒவ்வொரு பிளாக்கும் முதல்முறை படிக்கப்படும்போதுதான் டிஸ்க்குக்கு வந்து சேரும். அதனால் முதல் வாசிப்பு மெதுவாக இருக்கும். ஓபி தொடங்கும் முன்பே டிஸ்க் முழுவதையும் ஒருமுறை எஃப்ஐஓ என்ற மென்பொருள் கொண்டு படித்துவிடு என்றாள். படித்துவிட்டோம். ஜிபி3 வகை டிஸ்க்கை எடுக்கச் சொன்னதும் அவள்தான். அதில் டிஸ்க் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் 3,000 ஐஓபிஎஸ் (நொடிக்கு இத்தனை முறை படிக்கவோ எழுதவோ முடியும் என்ற கணக்கு) கிடைக்கும். முந்தைய ஜிபி2 வகையில் ஒரு கிகாபைட்டுக்கு 3 என்ற கணக்கு. அடிப்படை வேகம் வேண்டும் என்பதற்காகவே பெரிய டிஸ்க் வாங்க வேண்டியிருக்கும்.

நான் சந்தித்தே இராத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆர்சிங்கை 1996-இல் வெளியிட்ட ஆண்ட்ரூ ட்ரிட்ஜல், பால் மெக்கராஸ் இருவருக்கும். வி.எம்களை ஓட்டும் க்யூஎமு மென்பொருளைத் தொடங்கிய ஃபப்ரீஸ் பெல்லாருக்கும், இன்றுவரை அதை வளர்த்துவருகிறவர்களுக்கும். வி.எம்மின் டிஸ்க் கோப்பைத் திறந்து மாற்ற உதவும் லிப்கெஸ்ட்எஃப்எஸ்ஸைத் தொடங்கிய ரிச்சர்ட் ஜோன்ஸுக்கும் அவருடைய சக நிரலாளர்களுக்கும். எங்களிடம் அணைத்தே வைத்திருந்த பழைய ஆவண வி.எம் ஒன்று இருந்தது. அணைந்து கிடப்பதில் ஏஜென்ட் ஓடாது. எனவே அதன் டிஸ்க்கான விஎம்டிகே கோப்பை க்யூஎமு கருவியால் ரா வடிவத்துக்கு மாற்றி ஏற்றினோம். அங்கே அது பூட் ஆகாமல் அவசர ஷெல்லில் (கட்டளைத் திரையில்) போய் நின்றது. காரணம் எளிது: சென்ட்ஓஎஸ்ஸின் தொடக்க இமேஜ் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் கோப்பு), தான் உருவான கணினிக்குத் தேவையான டிரைவர்களை (வன்பொருளோடு பேசும் சிறு நிரல்களை) மட்டும் வைத்துக்கொள்ளும். எங்கள் சர்வரின் டிஸ்க் டிரைவர் அதில் இருந்தது, கிளவுடில் தேவைப்படும் என்விஎம்இ டிரைவர் இல்லை. லிப்கெஸ்ட்எஃப்எஸ் இருந்ததால் வி.எம்மை எழுப்பாமலேயே டிஸ்க் கோப்பைத் திறந்து, உள்ளே போய், டிரைவரைச் சேர்த்து இமேஜை மறுபடி உருவாக்கிவிட்டோம். டெல்டாவில் ஒரு மருத்துவமனை இவற்றைப் பயன்படுத்தியது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்று இதையெல்லாம் எழுதிவைத்தவர்களை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

கட்ஓவர் நடந்த ஞாயிறு இரவுப் பணியில் இருந்த செவிலியர் அக்காக்களே, உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கணினி நின்றிருந்த நேரம் முழுக்க மருந்துக் குறிப்பையும் வார்டு மாற்றத்தையும் தாளில் எழுதினீர்கள். ஒவ்வொரு தாளிலும் நேரமும் கையொப்பமும் இருந்தன. விடிந்ததும் உங்கள் பணி நேரம் முடிந்த பிறகும் இருந்து, ஒன்று விடாமல் கணினியில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் அன்றிரவு கூட்டம் குறையவில்லை. எங்களை அவசரப்படுத்தும் ஒரு தொலைபேசி அழைப்பும் வரவில்லை.

ரேடியாலஜி பிரிவினருக்கும் நன்றி. படக் கோப்புகளை ஆர்சிங்கின் செக்சம் சோதனையில் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எண்ணை ஒப்பிடுவது) ஒப்பிட்டுவிட்டோம், ஒன்றும் பிசகவில்லை. அப்புறமும் அவர்கள் விடவில்லை. ஆண்டுக்குச் சில நோயாளிகள் என்று எடுத்து, பழைய எக்ஸ்ரேயையும் புதிதாக வந்ததையும் இரண்டு திரையில் வைத்துக் கண்ணால் பார்த்து, இடது வலது குறி வரை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள்.

அக்காவின் கருவிப் பட்டியல் படிவத்தையும், ஐயாவின் நோட்டிலிருந்து தட்டச்சு செய்த தொடக்க வரிசையின் மாதிரியையும், எங்கள் முகவரிகளை நீக்கிவிட்டு, தனிக் கோப்பாக வைத்திருக்கிறோம். அவர்கள் இருவரின் சம்மதமும் உண்டு. இதே வேலையில் இறங்கப்போகும் மருத்துவமனைகள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எம்எஸ்எஸ் பற்றிய குறிப்பைத் தம்பியே எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
மருத்துவமனையின் கணினிப் பிரிவிலிருந்து